கவிழும் என்றே கட்டுகிறார்கள்

எல் கஹோன்

சான் டியேகோவுக்குக் கிழக்கே, கடற்காற்று களைத்து நின்றுவிடும் தூரத்தில் எல் கஹோன் இருக்கிறது. சுற்றிலும் மொட்டைக் குன்றுகள். நடுவில் வெயில் தேங்கும் பள்ளத்தாக்கு. கடற்கரை பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, கலிஃபோர்னியாவில் பழகிய வாசனை முதலில் கிடைத்தது இங்கேதான். கிரைண்டர் தூள், கட்டிங் ஆயில், தீய்ந்த பெயின்ட்.

இந்த ஊருக்குப் பெரிய சரித்திரமும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் பாலைவனத்தில் ஓட்டிய, குழாய்களாலேயே ஆன வண்டிகள் எல் கஹோனின் செனோவெத் நிறுவனத்தில் பிறந்தவை. அதற்கு முன் அந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது மணலில் ஓடும் பந்தய பக்கிகள்.

அக்கா மகன் சான் டியேகோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். சனி, ஞாயிறானால் பட்டறைவாசி. பழைய டொயோட்டா டகோமா பிக்கப் ஒன்றை வாங்கி, பாலைவனத்தில் ஓட்டுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருக்கிறான். நான் போனபோது வண்டிக்குள் சீட் இல்லை, தரைவிரிப்பு இல்லை, டாஷ்போர்டு இல்லை. வெறும் தகரக் கூடு. அதற்குள் குழாய்கள் வளைந்து ஏறிக்கொண்டிருந்தன: வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் கூண்டு.

"வாங்க மாமா. செருப்போட உள்ள வராதீங்க, ஷூ போட்டுக்குங்க, சூட்டுத் துண்டு கெடக்கும்" என்றான்.

பட்டறைக்காரர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், பேச்சைவிடக் கையைக் காட்டிப் புரியவைப்பதில் நம்பிக்கை உள்ளவர். மூலையில் நின்ற இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்று தண்ணீர் பைப். பெயரளவில் உள்விட்டத்தை வைத்து விற்கப்படுவது. ஒழுகாமல் இருந்தால் போதும், அதன் கடமை முடிந்தது. இன்னொன்று கூண்டுக்கான டியூப். வெளிவிட்டத்தையும் சுவரின் கனத்தையும் சொல்லி வாங்க வேண்டும். தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் ஒட்டிய பிறகு, உள்ளே ஒரு தண்டை வைத்து, அச்சு வழியே குளிர்ந்த நிலையிலேயே இழுத்து எடுக்கிறார்கள். அந்த இழுப்பில் ஒட்டுக்கோடு சமனாகிறது, உலோகம் இறுகுகிறது. இந்த வகையை டிஓஎம் என்கிறார்கள். சாதாரண வேலைக்கு ஒன்றே முக்கால் அங்குல விட்டம், 0.120 அங்குலச் சுவர். நம் அளவில் சுமார் 44 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும்.

ஊரில் குழாய் வளைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உள்ளே ஆற்று மணலை இறுக்கி அடைத்து, இரண்டு பக்கமும் கட்டை அடித்து, கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காட்டி, நாலு பேர் சேர்ந்து இழுப்பார்கள். அழகாகவே வளையும். அதைச் சொன்னபோது பட்டறைக்காரர் சிரிக்கவில்லை, ரசித்துக் கேட்டார். பிறகு, கூண்டுக்கு அது ஆகாது என்றார். குளிர் இழுப்பில் ஏறிய வலுவைச் சூடு இறக்கிவிடும். அவரிடம் இருந்தது ஹைட்ராலிக் வளைப்பான். குழாயின் விட்டத்துக்கும் வளைவின் ஆரத்துக்கும் ஏற்றபடி அதற்கு ஒரு டை. தொண்ணூறு டிகிரி வேண்டுமென்றால் இரண்டொரு டிகிரி கூடுதலாக வளைக்க வேண்டும், விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பும். உள்பக்கம் சுருங்கி மடிந்த குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பழைய இரும்புக்குத்தான் போகும்.

சுவரின் கனத்தால்தான் வலு வரும் என்று நினைத்திருந்தேன். விட்டமும் முக்கியம் என்று மருமகன் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினான். இரண்டு அங்குல விட்டத்தில் 0.095 சுவர் கொண்ட குழாய், ஒன்றே முக்கால் அங்குலக் குழாயைவிட எடை குறைவு. வளைவை எதிர்க்கும் விறைப்போ நான்கில் ஒரு பங்கு அதிகம். அப்படியானால் ஏன் எல்லாரும் அதையே போடுவதில்லை? மெல்லிய சுவர் பாறையில் இடித்தால் நசுங்கும். நசுங்கிய குழாயின் கணக்கு வேறு. மணலில் ஓட்டுகிறவன் பெரிய விட்டத்தை எடுக்கலாம், பாறையில் ஏறுகிறவன் கனத்தை எடுக்க வேண்டும். ஒன்றே முக்கால் அங்குலக் குழாய் நூறு அடி போனால் வண்டியில் 95 கிலோ ஏறுகிறது. அதுவும் உயரத்தில் ஏறுகிறது. கூண்டு கனக்கக் கனக்க வண்டி கவிழும் வாய்ப்பும் கூடுகிறது என்ற வேடிக்கையை இந்தத் தொழிலில் யாரும் மறைப்பதில்லை.

குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு முனையை மீன்வாய் போலக் குடைகிறார்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி குடைய வேண்டும். எல்லா மூட்டுகளிலும் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். முழுக் கூண்டும் நின்ற பிறகு, கோணல் பார்த்து, இந்த மூலையில் ஒன்று அந்த மூலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி முடிக்கிறார்கள். ஒரே பக்கமாகப் போனால் சூடு இழுத்து எல்லாவற்றையும் முறுக்கிவிடும்.

அன்றைக்கு நான் பார்த்த அழகான வேலை வேறு. கூண்டு கூரைத் தகட்டை ஒட்டி நிற்கிறது. அப்படி நின்றால்தான் தலைக்கு இடம் கிடைக்கும். ஆனால் மேல் மூட்டுகளின் முதுகுப் பக்கத்துக்கு வெல்டிங் கை போகாது. என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரைத் தகட்டில் ஓட்டை போட்டிருந்தார்கள். கூண்டு முழுவதையும் அந்த ஓட்டைகள் வழியே ஒரு சாண் கீழே இறக்கினார்கள். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே இடம் பிறந்தது. பட்டறைக்காரர் மல்லாந்து படுத்து, மேல்பக்கத்தைச் சுற்றிலும் ஒட்டி முடித்தார். பிறகு கூண்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, கால்களுக்கடியில் தடித்த தகடு கொடுத்து ஓட்டையை மூடினார்கள். முடிந்த வண்டியைப் பார்க்கிறவனுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்தக் கால்தான் கூண்டின் உயிர். வண்டியின் தரைத் தகடு மெல்லியது. அதில் குழாயை நேராக நிறுத்தினால், கவிழும்போது குழாய் கூழுக்குள் கரண்டி இறங்குவதுபோல் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும். சுமையைப் பரப்பித் தர அகலமான தகடு வேண்டும். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, கூண்டின் முக்கியக் கால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனத்தில் 120 சதுர சென்டிமீட்டர் தகடு கேட்கிறது. பிக்கப்புகளில் இன்னொரு சிக்கல். கேபின் சேஸின் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது இரண்டும் தனித்தனியாக அசைகின்றன. கூண்டைச் சேஸோடு விறைப்பாகக் கட்டி, கேபினை ரப்பரில் விட்டால், இரண்டும் ஒன்றையொன்று கிழிக்கும். ஆகவே கூண்டின் கால்களும் புஷ் வைத்துச் சேஸில் இறங்க வேண்டும், அல்லது கேபினையே சேஸோடு இறுக்கிவிட வேண்டும். மருமகன் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"வண்டி உருளுமா உருளாதாங்கறது இங்க கேள்வியே இல்லீங் மாமா. உருண்டா எந்தக் குழா மொதல்ல தரையத் தொடும், அங்கிருந்து பாரம் எங்க போகும். இவ்வளவுதான் கேள்வி."

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகள் ஒரு காலத்தில் முகப்பும் சேஸுமாக மட்டும் கம்பெனியிலிருந்து வரும். கேபினை மரச்சட்டத்தில் தகடு அடித்து நம் ஆசாரிகளே கட்டினார்கள். அந்த மரவேலையின் நேர்த்தியை இன்றைக்கும் பேசலாம். ஆனால் கவிழ்ந்தால் என்னாகும் என்று கேட்டுக்கொண்டு யாரும் கட்டியதாக எனக்கு நினைவில்லை. அதற்குத்தான் எலுமிச்சம்பழமும் மிளகாயும் இருந்தன.

லூசர்ன் வேலி

வடக்கே, சான் பெர்னார்டினோ மலைகளுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் மொஹாவி பாலைவனம். நமக்கு இதைப் பாலை என்று சொல்ல வராது. மணல் குறைவு, சரளையும் முள்ளும் அதிகம். ஜாஷுவா மரங்கள் கையை மடக்கி நிற்கின்றன. இடைவெளி விட்டு விட்டு கிரியோசோட் என்னும் குத்துச்செடி. கிள்ளி முகர்ந்தால் தார் வாசனை. இந்தச் செடி நடுவில் பட்டு, வட்டமாக வெளியே பரவி வளர்கிறது. லூசர்ன் வேலிக்கும் ஜான்சன் வேலிக்கும் இடையே வேலியிட்டுக் காக்கப்படும் கிங் குளோன் என்ற வட்டத்துக்குச் சுமார் 11,700 வயது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஃபிராங்க் வாசெக் கணித்தார். அதன் அருகே போய்ப் பார்த்தால் காய்ந்த புதர் வரிசைதான் தெரியும். பெரிய டயர் வண்டிகளை இழுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள்.

ஜான்சன் வேலி

ஆண்டின் பெரும்பகுதி ஆளில்லாத மீன்ஸ் என்னும் வறண்ட ஏரிப்படுகையில், குளிர்காலத்தில் ஒரு ஊர் முளைக்கிறது. ஹேமர்டவுன் என்று பெயர். கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தயத்துக்காக முளைக்கும் ஊர். டேவ் கோலும் ஜெஃப் நோலும் 2007இல் ஒரு சில நண்பர்களோடு தொடங்கியது. சமவெளியில் மின்னல் வேகம், பாறைச் சரிவில் ஆமை வேகம், இரண்டும் ஒரே பந்தயத்தில். முன்பு இந்த இரண்டுக்கும் தனித்தனி வண்டிகள் இருந்தன. இரண்டையும் ஒரே வண்டி செய்ய வேண்டும் என்று கேட்டதுதான் இவர்கள் செய்த காரியம். அதன்பின் வண்டி கட்டும் கலையே மாறியது.

பக்கத்தில் ட்வென்டிநைன் பாம்ஸ் கடற்படைத் தரைப்படையின் பயிற்சித் தளம். அவர்கள் விரிவாக்கத்துக்கு இந்த நிலத்தைக் கேட்டார்கள். இழுபறிக்குப் பிறகு 2013 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் பள்ளத்தாக்கைப் பிரித்தது: ஒரு பகுதி ராணுவத்துக்கு, ஒரு பகுதி வண்டிக்காரர்களுக்கு, நடுவில் இருவருக்கும் பொதுவான பகுதி. தேசப்பற்றில் குறைவில்லாத இந்தக் கூட்டம், ராணுவத்திடமிருந்து மண்ணைக் காப்பாற்றிக்கொண்டதைப் பெருமையாகச் சொல்கிறது.

இரவில் சாக்லேட் தண்டர் என்ற பாறைச் சந்துக்குப் போனோம். வீடளவு பாறைகள் சரிந்து கிடக்கும் செங்குத்தான ஓடை. இரு கரையிலும் ஜனங்கள் தீ மூட்டிக்கொண்டு, கையில் பீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தயக்காரர்கள் இல்லாத நேரத்தில் தைரியமுள்ள யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். ஏறினார்கள். தகடு, கதவு, கண்ணாடி எதுவும் இல்லாத வண்டிகள். கூண்டுதான் வண்டி, மற்றதெல்லாம் அதில் தொங்குகிறது. ஒன்று பாறையின் உச்சியில் முன்சக்கரத்தை வைத்து, ஒரு கணம் வானத்தைப் பார்த்து, மெதுவாகப் பின்னால் சாய்ந்து மல்லாந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஓட்டியவர் தலைகீழாகத் தொங்கியபடியே கட்டைவிரலைக் காட்டினார். நாலைந்து பேர் இறங்கி, பட்டை போட்டு, இன்னொரு வண்டியின் வின்ச்சால் இழுத்து நிமிர்த்தினார்கள். எண்ணெய் பார்த்தார், ஸ்டார்ட் செய்தார், மறுபடி ஏறினார்.

கூடாரத்துக்குத் திரும்பியபோது, மருமகனின் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் குளிரில் விறைத்திருந்தன. பக்கத்துக் கூடாரத்தில் அரிசோனாவிலிருந்து வந்த அப்பாவும் மகளும். அவர்கள் வாட்டிய மாட்டிறைச்சியும் பீன்ஸும் கொடுத்தார்கள். நாங்கள் புளிச்சோறு கொடுத்தோம். நல்லெண்ணெயின் வாசனை அந்தப் பெண்ணுக்குப் புதிது. என்ன எண்ணெய் என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டாள். அவள்தான் அந்த வண்டியின் மெக்கானிக். இருபது வயது இருக்கலாம்.

பெரிய டயர் போட்டால் என்ன நடக்கும் என்று அவள் எனக்கு நிதானமாகச் சொன்னாள். டயர் பெரிதானால் கிரவுன்-பினியன் பல்லை மாற்ற வேண்டும், இல்லையென்றால் என்ஜின் திணறும். பல்லை மாற்றி, இரு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி லாக்கர் போட்டால் ஆக்சில் தண்டு முறியும். தண்டைத் தடிப்பாக்கினால் ஜாயின்ட் முறியும். ஜாயின்டைத் தடிப்பாக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஒவ்வொன்றாக வலுப்படுத்திக்கொண்டே போகிறவன் கடைசியில் கியர்பாக்ஸை உடைத்துக்கொண்டு நடுக்காட்டில் நிற்பான். அதனால் அவள் வண்டியில் ஒரு பாகத்தை வேண்டுமென்றே பலவீனமாக விட்டிருந்தாள். முன் ஷாஃப்டின் ஒரு கிராஸ் ஜாயின்ட். எது உடைந்தாலும் அதுதான் முதலில் உடையும். மாற்று ஜாயின்ட் சீட்டுக்கடியில் இருக்கிறது. சுத்தியலும் சாக்கெட்டும் இருந்தால் இருட்டிலும் மாற்றலாம்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனைக்காக மகளோடு சண்டை போட்டிருக்கிறாராம்.

விலை கூடிய சாமான்களின் கடைகளும் ஹேமர்டவுனில் வரிசையாக இருந்தன. 1948இல், போரில் மிஞ்சிய ஜீப்புகளுக்கு முன்சக்கர ஹப் செய்யத் தொடங்கிய வார்னின் வின்ச்சுகள், 1975இல் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பியின் லாக்கர்கள், ஆளுயர ஷாக் அப்சர்பர்கள். எல்லாம் பளபளக்கின்றன. அரிசோனாப் பெண்ணின் கிராஸ் ஜாயின்ட் மட்டும்தான் என் நினைவில் நின்றது.

என்செனாடா

பட்டறைக்காரரும் சேர்ந்துகொள்ள, டெக்காட்டே வழியாக மெக்சிகோ எல்லையைக் கடந்தோம். டகோமா டிரெய்லரில் வந்தது. இதைக் குறித்துச் சொல்ல வேண்டும். உள்ளே கூண்டு உள்ள வண்டியைத் தார் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. சின்ன மோதலிலேயே தலை குழாயில் போய் இடிக்கும். மெத்தை ஸ்பாஞ்ச் சுற்றினால் பயனில்லை. அதற்கென்று கெட்டியான நுரைப் பட்டை இருக்கிறது, அதுவும் ஹெல்மெட்டோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. கூண்டைப் போட்ட கையோடு சீட்டையும் நாலைந்து முனைப் பட்டையையும் மாற்றாதவன் பாதி வேலை செய்தவன் அல்ல, வண்டியை முன்பைவிட மோசமாக்கியவன் என்பது எல் கஹோன் பட்டறைக்காரரின் கட்சி.

என்செனாடா துறைமுக ஊர். மீன் சந்தைக்கு வெளியே தள்ளுவண்டிகளில் மீன் டாக்கோ விற்கிறார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டு, சுடச்சுட சோளரொட்டி, மேலே நறுக்கிய முட்டைக்கோஸ், வெள்ளைக் குழம்பு, பச்சை மிளகாய்ச் சட்னி, எலுமிச்சை. கடையில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். காரம் நம் நாக்குக்கு ஏற்றது. அமெரிக்காவில் சாப்பிட்ட எதுவும் இதன் பக்கத்தில் வராது.

இந்த ஊரின் சுவர்களில் பாஹா 1000 என்னும் பாலைவனப் பந்தயத்தின் படங்கள் கோயில் காலண்டர்போல் தொங்குகின்றன. 1967இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் பந்தயத்தை விக் வில்சனும் டெட் மாங்கெல்ஸும் வென்றார்கள். வண்டி, வோக்ஸ்வாகன் என்ஜினில் ஓடிய மேயர்ஸ் மேங்க்ஸ். நேரம் 27 மணி 38 நிமிடம். பிற்பாடு ஐவன் ஸ்டூவர்ட் என்பவர் இன்னொருவரிடம் ஸ்டீயரிங்கை மாற்றிக்கொடுக்காமல் தனியாளாக முழுத் தூரமும் ஓட்டிப் பெயர் வாங்கினார். இன்றைய ராஜாக்கள் டிரோஃபி டிரக்குகள். பின்சக்கரம் மட்டும் முக்கால் மீட்டர் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், லாரியை வெட்கப்படுத்தும் குதிரைத்திறன், ஒரு வண்டியின் விலையில் நம் ஊரில் கல்யாண மண்டபமே கட்டலாம்.

அவற்றோடு அதே பாதையில், அதே பந்தயத்தில், பழைய வோக்ஸ்வாகன் பீட்டில்களும் ஓடுகின்றன. கிளாஸ் 11 என்ற பிரிவு. கம்பெனி கொடுத்த என்ஜின், கம்பெனி கொடுத்த வடிவம். கூடுதலாகக் கூண்டு, கொஞ்சம் பலப்படுத்தல். மற்றவர்கள் பரிசு வாங்கித் தூங்கி எழுந்த பிறகும் இவை வந்துகொண்டிருக்கும். அந்தப் பழைய வகையில் உலகின் கடைசி பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் பியூப்லா ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. இந்த நாட்டில் அது இன்னும் குடும்ப உறுப்பினர்; நமக்கு அம்பாசிடர் இருந்த மாதிரி.

ஊரின் மேட்டுப் பகுதியில், கோழிகள் மேயும் முற்றத்தில் ஒரு பீட்டிலுக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். எல் கஹோன் பட்டறைக்காரருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. 4130 என்ற குரோம்-மாலிப்டினம் இரும்பில் கட்டலாமே, மெல்லிய சுவர் போதுமே, எடை மிச்சமாகுமே என்று மருமகன் கேட்டான். முதியவர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு, பட்டறைக்காரரைப் பார்த்து ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். சாரம் இது. அந்த இரும்பின் விறைப்பு சாதாரண இரும்பின் விறைப்புதான். உடையும் வலுதான் அதிகம். அதை டிக் வெல்டிங்கில், பொறுமையாக, சூட்டை அளந்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். மலைப் பாதையில் நடு இரவில் ஒரு மூட்டு விட்டால், அங்கே இருப்பது ஏதோ ஒரு பண்ணைக்காரனின் குச்சி வெல்டிங்தான். அதற்குப் பணிந்துபோகும் இரும்பில்தான் நான் கட்டுவேன்.

அவர் மனைவி பீன்ஸும் மிளகாய்த் துவையலும் வைத்து டார்ட்டில்லா தந்தார். வேலை நடந்துகொண்டிருந்த வண்டிக்குப் பக்கத்திலேயே, கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முற்றம் அசல் திருச்செங்கோடு.

ஓஹோஸ் நெக்ரோஸிலிருந்து மலைக்கு

என்செனாடாவுக்குக் கிழக்கே மலைமேல் விரிந்த சமவெளி ஓஹோஸ் நெக்ரோஸ். பால்பண்ணைகளும் பாலாடைக்கட்டியும் பிரசித்தம். இங்கே டகோமாவை இறக்கினோம். ஹெல்மெட், கழுத்துப் பட்டை, தோளையும் இடுப்பையும் கட்டும் வார். டயர் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கினான் மருமகன். காற்று குறைந்த டயர் தரையை அகலமாகப் பிடிக்கிறது, கல்லை முழுங்கிக்கொள்கிறது.

முன்னால் பட்டறைக்காரரின் வண்டி, பின்னால் நாங்கள். பாதை சில இடங்களில் ஆற்றுப் படுகை, சில இடங்களில் ஆட்டுப்பாதை, நடுவில் விபூதிபோன்ற மென்தூள். சக்கரம் அதில் பட்டதும் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகி, சில நொடிகள் குருட்டாட்டம். மருமகன் பதறவில்லை. எனக்குப் பக்கவாட்டுக் குழாயைப் பிடிக்கக் கை நீண்டது. "அதப் புடிக்காதீங் மாமா, வார இறுக்கிப் புடிங்" என்றான். கவிழும்போது கை வெளியே போனால் நசுங்குவது கைதான்.

சான் பெட்ரோ மார்த்திர் மலைத்தொடரின் அடிவாரத்தில், மைக்ஸ் ஸ்கை ராஞ்சோ என்ற மலை விடுதிக்குப் போகும் வழியில், ஒரு பிக்கப் ஓரமாக நின்றது. பின்பக்க ஷாக்கின் மேல் பிடி சேஸிலிருந்து பெயர்ந்து தொங்கியது. மெக்சிகாலியைச் சேர்ந்த அண்ணன், தம்பி இருவர். இந்தப் பயணத்தில் வேறு எதையும் மறந்தாலும் அடுத்த அரை மணி நேரத்தை மறக்க மாட்டேன். மூன்று வண்டிகளின் பேட்டரிகளையும் கழற்றி, தூரமாகத் தரையில் வைத்து, ஜம்பர் கேபிளால் தொடராகக் கோத்தார்கள். 36 வோல்ட். ஒரு முனை சேஸில், மறுமுனையில் வெல்டிங் குச்சி. பேட்டரிகளின் மேல் ஈரச் சாக்கு. அதிலிருந்து கசியும் ஹைட்ரஜனில் பொறி பட்டால் வெடிக்கும். பட்டறைக்காரர் வண்டியில் வைத்திருந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். காட்டுக்குள் ஊதா வெளிச்சம். அசிங்கமான ஒட்டு, ஆனால் பிடித்தது. முதியவர் கோழி முற்றத்தில் சொன்னதன் முழு அர்த்தமும் எங்களுக்கு அங்கேதான் விளங்கியது. மருமகன் ஒன்றும் சொல்லாமல் தன் டகோமாவின் குழாயை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டான்.

ராஞ்சோவின் உணவுக்கூடத்தில் சுவரும் கூரையும் தெரியாதபடி ஸ்டிக்கர்களும் சட்டைகளும். மோட்டார் சைக்கிள்காரர்கள், பக்கிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நீள மேஜை. பெயரைக் கேட்பதற்கு முன் வண்டியைக் கேட்கிறார்கள். நான் ஓட்டவில்லை, எழுதுகிறேன் என்றேன். ஒருவர் பரிதாபப்பட்டு எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார்.

சான் ஃபெலிப்பே

கிழக்கே இறங்கினால் மலை சட்டென்று நின்றுவிடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய டியாப்லோ சிகரம் முதுகுக்குப் பின்னால். முன்னால் உப்புத் தரையும் கலிஃபோர்னியா வளைகுடாவும். சான் ஃபெலிப்பேயைச் சுற்றியுள்ள மணல் பாதைகள் அலை அலையாக மேடு பள்ளம் விழுந்தவை. பந்தய வண்டிகள் ஓடி ஓடி உண்டாக்கிய அலைகள், இடுப்பளவு ஆழம். டிரோஃபி டிரக்குகள் அவற்றின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு பறந்துவிடுகின்றன. டகோமா ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது. என் முதுகெலும்பு அந்த ஊரை மன்னிக்கவில்லை. மாலையில் கடற்கரைக் கடையில் பூண்டு போட்டு வதக்கிய இறால் சாப்பிட்டபோதுதான் மனம் இளகியது.

ஊர் எல்லையில் ஒரு டயர் கடை. முற்றத்தில் கவிழ்ந்து நொறுங்கிய இரண்டு பிக்கப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் அதே அலை மணலில் உருண்டவை என்றார் கடைக்காரர். ஒன்றில் கேபினுக்குப் பின்னால், சரக்குத் தொட்டியில் குரோம் பூசிய வளைவுக் குழாய், அதில் வரிசையாக விளக்குகள். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. தொட்டியின் தகட்டைக் கிழித்துக்கொண்டு அப்படியே கீழே இறங்கிவிட்டிருந்தது. கேபினின் கூரை சீட் முதுகு உயரத்துக்குத் தட்டையாகிக் கிடந்தது. அடுத்த வண்டியில் பெயின்ட் இல்லாத, துரு ஏறிய, அசிங்கமான கூண்டு. மேல் குழாய் ஒன்று நன்றாக வளைந்திருந்தது, ஒரு மூலைவிட்டம் கோணியிருந்தது. கால்கள் நாலும் நின்ற இடத்திலேயே நின்றன. உள்ளே ஓர் ஆள் உட்காரும் இடம் முழுசாக இருந்தது. மருமகன் இரண்டின் கால்களையும் படம் எடுத்துக்கொண்டான். மேலே அவன் எடுக்கவில்லை.

நம் ஊர்ச் சாலைகளில் இப்போது தார்களும் பொலேரோக்களும் ஜிம்னிகளும் கறுப்புக் குழாய் மாட்டிக்கொண்டு திரிகின்றன. கொளுக்குமலை ஜீப்புகளில் பயணிகள் பிடித்துக்கொண்டு நிற்பதும் இத்தகைய குழாயைத்தான். முகப்பில் மாட்டும் இரும்புக் கம்பிகளைத் தடுக்கும்படி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. சட்டம் அதன் வேலையைப் பார்க்கட்டும். பந்தயத்துக்கோ காட்டுப் பாதைக்கோ வண்டி கட்டுகிறவர்களும், கட்டியதை வாங்குகிறவர்களும் பட்டறையில் குழாயின் விட்டத்தையும் பெயின்டையும் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் குனிந்து, அந்தக் குழாயின் கால் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். வெறும் தரைத் தகட்டில் நாலு போல்ட் என்றால், கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் நல்ல சீட் பெல்ட் வாங்குங்கள்.